யானி கூர்டுக்குக் கிடைத்த நேரம் எல்லோருக்கும் கிடைக்கட்டும்

ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் கடைசியில் ஐஸ் ஹாக்கியின் என்ஹெச்எல் அணிகள் பயிற்சி முகாமை முடித்து, இளம் வீரர்களைக் கீழ் லீக்கான ஏஹெச்எல்லுக்கு அனுப்பும்போது ரசிகர்கள் நடுவே அதே பேச்சு கிளம்புகிறது. “இருபத்திரண்டு வயதாகிவிட்டது, இன்னும் கீழேதான் ஆடுகிறான், இனி எங்கே தேறப்போகிறான்?” முன்னால் நின்று தாக்கி ஆடும் ஃபார்வர்ட் என்றால் இந்தத் தீர்ப்பு இன்னும் சீக்கிரம் வந்துவிடும். கோல் கீப்பருக்கும் டிஃபென்ஸ்காரருக்கும் காலம் பிடிக்கும் என்று ஒத்துக்கொள்கிறவர்கள்கூட ஃபார்வர்டிடம் பொறுமை காட்டுவதில்லை. கோல் போடத் தெரிந்தவன் வந்த அன்றே போட வேண்டியதுதானே என்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. ஏன் என்று கேட்டால் யானி கூர்ட் என்ற ஃபார்வர்டைத்தான் காட்டுவேன்.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் உச்சியில் இருப்பது என்ஹெச்எல். அதற்கு நேர் கீழே ஏஹெச்எல். மேலே உள்ள 32 அணிகளுக்கும் இங்கே ஆளுக்கொரு அணி உண்டு. டாம்பா பே லைட்னிங் அணிக்கு நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் க்ரஞ்ச். அதற்கும் ஒரு படி கீழே ஈசிஹெச்எல்.

கூர்ட் கியூபெக்கில் சாந்-நார்சிஸ் என்ற சின்ன ஊர்க்காரர். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். 2011-12இல் கியூபெக் ஜூனியர் லீக்கில் விக்டோரியாவில் (Victoriaville) என்ற ஊரின் அணிக்கு 68 ஆட்டங்களில் 37 கோல், 87 அசிஸ்ட் (கோலுக்கு வழிசெய்த பாஸ்), இரண்டும் சேர்த்து மொத்தம் 124 பாயின்ட் எடுத்து லீக்கிலேயே முதலிடம் வந்தார். ஆனால் இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்டில் எந்த என்ஹெச்எல் அணியும் அவரை எடுத்ததில்லை. அந்த சீசனில் அவருக்கு 20 வயது நிறைந்தது. தன்னைவிட இளைய பையன்களுக்கு எதிராக எடுத்த பாயின்ட்டுக்கு ஸ்கவுட்டுகள் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. அதோடு உயரமும் குறைவு.

அதனால் அவர் மாசச்சூசெட்ஸின் வூஸ்டரில் ஏஹெச்எல் ஆடினார். 2013-14இல் மிச்சிகனின் கலமசூ விங்ஸுக்காக ஈசிஹெச்எல்லிலும் இறங்கி ஆடினார். ஜூனியர் லீக்கில் முதலிடம் வந்தவர், இரண்டே வருடத்தில் மூன்றாவது படியில். அங்கே பாதிப்பேர் மூட்டை கட்டிவிடுவார்கள், இல்லையென்றால் ஐரோப்பாவில் நல்ல சம்பளத்துக்குப் போய்விடுவார்கள். அதைத் தப்பு என்று சொல்லவே மாட்டேன், குடும்பம் இருக்கிறதே. கூர்ட் இருந்தார். 2014 மார்ச்சில் டாம்பா அவரை ஒப்பந்தம் செய்து சிரக்யூஸில் வைத்துக்கொண்டது.

நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் தொடங்குகிறது. சிரக்யூஸில் முதல் முழு சீசனான 2014-15இல் 29 கோல் போட்டார். சரி, மேலே கூப்பிட்டார்களா? இல்லை. டிசம்பர் 2015இல்தான் என்ஹெச்எல்லில் முதல் ஆட்டம். அந்த சீசனில் மேலே ஆடியது மொத்தமே இரண்டு ஆட்டம். அடுத்த சீசனில் 20 ஆட்டம், 6 கோல். பிறகு மறுபடி சிரக்யூஸ், 2017இல் ஏஹெச்எல்லின் கால்டர் கோப்பை இறுதிச்சுற்றில் கிராண்ட் ராப்பிட்ஸிடம் தோல்வி. முழு நேர என்ஹெச்எல் ஆட்டக்காரராக ஆனபோது வயது 25. அந்த 2017-18இல் 82 ஆட்டங்களில் 25 கோல், 64 பாயின்ட்.

இந்த வருடங்களை “காத்திருப்பு” என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அவர் அங்கே இன்னொரு வேலையைக் கற்றுக்கொண்டிருந்தார் என்பதை யாரும் எழுதுவதில்லை.

ஒரு ஹாக்கி அணி ஓர் ஆட்டத்தில் பன்னிரண்டு ஃபார்வர்டுகளை இறக்குகிறது, மூன்று மூன்று பேராக நான்கு லைன். முதல் இரண்டு லைனில் கோல் போடும் நட்சத்திரங்கள். டாம்பா மாதிரி அணியில் அந்த இடங்களில் ஸ்டாம்கோஸும் குச்செரோவும் இருந்தார்கள், புதிதாக வருகிறவனுக்கு அங்கே இடம் கிடையாது. அவனுக்குத் திறக்கிற கதவு மூன்றாவது லைன் அல்லது நான்காவது லைன். அங்கே வேலையே வேறு. ஃபோர்செக் செய்யணும், அதாவது எதிரணியை அவர்கள் பகுதியிலேயே நெருக்கணும். சுவரோரம் மோதி பக்கை, அதாவது ஆட்டத்தின் ரப்பர் வட்டைப் பறிக்கணும். தவறு செய்த வீரர் பெனால்டியில் வெளியே உட்கார்ந்து ஒரு ஆள் குறையும்போது காவல் காக்கணும். வாழ்நாள் முழுக்க கோல் போட்டே வளர்ந்த பையனுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

சிரக்யூஸ் அரங்கம் சிறியது, பழையது, 1951இல் திறந்தது. கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் டிவியில் தெரியாதது தெரியும். எதிரணி டிஃபென்ஸ்காரர் மூலையில் பக்கை எடுக்கத் திரும்புகிறார். நம் ஃபார்வர்ட் அவரை நோக்கி நேராகப் பாய்ந்தால் எளிதாக ஏமாற்றிவிட்டுப் போய்விடுவார். தேர்ந்த ஆள் நேராக வருவதில்லை. வளைந்து வந்து, ஸ்டிக்கை ஐஸில் தரையோடு நீட்டி நடுப்பக்கம் போகும் பாஸை முதலில் அடைக்கிறார், உடம்பு அப்புறம்தான் வந்து மோதுகிறது. டிஃபென்ஸ்காரருக்குச் சுவரோரம் அடிப்பதைத் தவிர வழியில்லை, அங்கே இன்னொரு ஆள் நிற்கிறார். எல்லாம் இரண்டு விநாடி. ஐஸில் இறங்கி ஏறும் ஒரு முறையைத்தான் ஷிஃப்ட் என்பார்கள்; முக்கால் நிமிடம்கூட நீடிக்காத ஒரு ஷிஃப்டில் இதை மூன்று முறை செய்துவிட்டு மூச்சு வாங்க பெஞ்சுக்குத் திரும்பினால், ஸ்கோர் பலகையில் ஒன்றும் ஏறியிருக்காது. வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாளில் மூன்று ஆட்டம், நடுவில் பஸ் பயணம். 72 ஆட்ட சீசன். இந்தப் பழக்கம் உடம்பில் ஏற வருடங்கள் ஆகும்.

ஏறிய பிறகு என்ன நடக்கும் என்பதற்கு 2021 ஜூன் 25ஐப் பாருங்கள். நியூயார்க் ஐலண்டர்ஸுக்கு எதிராக என்ஹெச்எல்லின் ஸ்டான்லி கோப்பை அரையிறுதியின் ஏழாவது, கடைசி ஆட்டம். இரண்டாம் பீரியட் தொடக்கத்தில் டாம்பாவுக்குப் பெனால்டி, ஒரு ஆள் குறைவு. பெஞ்சிலிருந்து அப்போதுதான் குதித்து இறங்கிய கூர்ட், சக வீரர் சிரெல்லியின் பாஸை வாங்கி எதிரணி கோல் கீப்பர் வர்லமோவைத் தாண்டி வலைக்குள் அனுப்பினார். ஆட்டம் 1-0இல் முடிந்தது. டாம்பா தொடர்ந்து இரண்டாவது முறை ஸ்டான்லி கோப்பையை வென்றது. அவரும் கோல்மனும் குட்ரோவும் சேர்ந்த அந்த மூன்றாவது லைன் இல்லாமல் அந்த இரண்டு கோப்பைகளும் வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். ஆள் குறைந்த நேரத்தில் அவரை நம்பி இறக்கினார்கள் என்பதுதான் எனக்கு அந்தக் கோலைவிடப் பெரிதாகப் படுகிறது. ஜூனியரில் 124 பாயின்ட் எடுத்த பையனை அந்த வேலைக்கு யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள்.

நேரம் மட்டும் கொடுத்தால் எல்லோரும் தேறிவிடுவார்கள் என்றும் நான் சொல்லவில்லை. அலெக்ஸாண்டர் ஜிரூ 2008-09இல் ஹெர்ஷி பேர்ஸுக்காக ஏஹெச்எல்லில் 60 கோல் போட்டார். அடுத்த சீசனில் 50. இரண்டு வருடமும் ஹெர்ஷிக்கே கோப்பை. ஆனால் என்ஹெச்எல்லில் அவர் ஆடியது மொத்தம் 48 ஆட்டம், 6 கோல். ஹெர்ஷிக்கு மேலே இருந்த வாஷிங்டனில் அப்போது ஒவெச்கினும் செமினும் உச்சத்தில் இருந்தார்கள். கோல் போடும் இடம் காலியாக இல்லை, அவருக்குத் தெரிந்த வேலையோ அது ஒன்றுதான். இப்படிப்பட்ட திறமை வீணாவதைப் பார்க்க மனசு கஷ்டப்படுகிறது. ஏஹெச்எல் கோல் பட்டியலை மட்டும் வைத்து ஒரு ஃபார்வர்டை அளக்காதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான். பயிற்சியாளர் அவனைப் பெனால்டி நேரத்தில் இறக்குகிறாரா? ஒரு கோல் முன்னிலையைக் காக்கும் கடைசி நிமிடத்தில் அவன் ஐஸில் இருக்கிறானா? அதைப் பாருங்கள்.

கார்ட்டர் வெர்ஹேகியும் இதே சிரக்யூஸ் பள்ளியில் வந்தவர்தான். 2013இல் டொரான்டோ அவரை ட்ராஃப்டின் மூன்றாவது சுற்றில் எடுத்தது. இரண்டு வருடம் கழித்து ஒரே ஒரு ஆளுக்காக ஐந்து பேரைக் கொடுத்த பேரத்தில் ஒருவராக ஐலண்டர்ஸுக்கு அனுப்பிவிட்டது. ஐலண்டர்ஸ் அவரை ஈசிஹெச்எல் வரை இறக்கிவிட்டு, பிறகு ஒரு கோல் கீப்பருக்காக டாம்பாவிடம் கொடுத்தது. 2018-19இல் சிரக்யூஸில் 82 பாயின்ட் எடுத்து ஏஹெச்எல்லில் முதலிடம். டாம்பாவில் ஒரே சீசன், கீழ் லைனில் ஆடி 9 கோல், ஒரு ஸ்டான்லி கோப்பை. ஓர் அணி மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பளத்துக்கான உச்சவரம்பு நெருக்கியதில் டாம்பாவும் விட்டுவிட்டது. ஃபுளோரிடா வருடம் பத்து லட்சம் டாலருக்கு வாங்கியது. 2022-23இல் அவர் போட்டது 42 கோல். அந்த வருடம் 65 வெற்றிகளோடு சாதனை படைத்திருந்த பாஸ்டனை ஏழாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிய கோலும் அவருடையதுதான். மூன்று அணிகள் கைவிட்ட ஆள்!

இவ்வளவு இருந்தும் ஏஹெச்எல் விதியே தாமதமாக முதிர்பவனுக்கு எதிராக நிற்கிறது. ஓர் ஆட்டத்தில் கோல் கீப்பர்கள் தவிர இறங்கும் 18 ஸ்கேட்டர்களில் குறைந்தது 13 பேர் வளரும் வீரர் கணக்கில் வரவேண்டும். அதில் 12 பேர் தொழில்முறையில் 260 ஆட்டத்துக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது, ஒருவருக்கு மட்டும் 320 வரை. நோக்கம் நல்லதுதான், அனுபவசாலிகள் எல்லா இடத்தையும் அடைத்துக்கொள்ளாமல் இருக்க. ஆனால் 260 ஆட்டம் என்பது மூன்றரை சீசன். இருபதில் தொடங்கிய பையன் இருபத்து நான்கில் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறான், அதன் பிறகு மீதமுள்ள ஐந்து இடங்களுக்கு முப்பது வயதுக்காரர்களோடு போட்டி போட வேண்டும். கூர்ட் மேலே நிலைத்த வயதை நினைத்துப் பாருங்கள்.

ஒருவருக்குக் கொடுக்கும் அந்த 320ஐப் பன்னிரண்டு பேருக்கும் கொடுத்தாலே போதும், கிட்டத்தட்ட இன்னொரு சீசன் கிடைக்கும். விதியைத் திருத்த உட்காரும்போது லீக் முதலில் கைவைக்க வேண்டியது இந்த எண்ணில்தான்.