எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு காத்திருத்தல்

செவ்வாய்க்கிழமை எங்கள் புகைப்பட வகுப்பின் மதிப்பாய்வில், விருந்தினராக வந்திருந்த ஒரு மூத்த புகைப்படக் கலைஞர் என் படங்களைப் பார்த்து, உங்கள் மக்கள் எங்கே, வலி எங்கே என்று கேட்டார். அதை இங்குள்ள பலரும் காணொளியில் பார்த்துவிட்டீர்கள். பார்த்தவர்களில் சிலர் எனக்காக வருத்தப்பட்டீர்கள். சிலர், அவர் கேட்டதில் என்ன தவறு என்று என்னிடமே கேட்டீர்கள். ஐந்து நாட்களாக நான் யாருக்கும் பதில் எழுதவில்லை. எழுதினால் அழுதுவிடுவேன் என்று பயந்தேன். இப்போது ஓரளவு நிதானமாக இருக்கிறேன் என்று நம்பி எழுதுகிறேன்.

காணொளியில் இல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கொடுக்கப்பட்ட அசைன்மென்ட்டின் தலைப்பு காத்திருத்தல். அந்த ஒரு சொல்தான். எந்தக் கருவியையும் எந்த முறையையும் கையாளலாம், 9 படங்கள் தர வேண்டும், தோற்றுப்போன முயற்சிகளையும் குறிப்பேட்டில் ஒட்டிக் காட்ட வேண்டும் என்பவைதான் விதிகள். வடசென்னை என்றோ உங்கள் ஊர் என்றோ அந்தத் தாளில் ஓர் இடத்திலும் இல்லை. ஆனால் என் படங்களுக்கு முன்னால் வந்து நின்றவர் கேட்ட முதல் கேள்வி, "ராயபுரத்துப் பெண் எடுத்த படங்கள் என்று சொன்னால் நம்பவே முடியவில்லையே, உங்கள் மக்கள் எங்கே, அந்த வாழ்க்கையின் வலி எங்கே?" என்பதுதான். காத்திருத்தல் எங்கே என்று அவர் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் நின்று பதில் சொல்லியிருப்பேன். அதை அவர் கேட்கவே இல்லை.

நான் செய்தது என்ன என்று தெரியாமலேயே பலர் கருத்துச் சொல்லிக்கொண்டிருப்பதால் அதையும் எழுதுகிறேன். ஒரு பால் பவுடர் டப்பாவின் உட்புறத்துக்குக் கறுப்பு அடித்து, குளிர்பானக் கேனிலிருந்து வெட்டியெடுத்த தகட்டில் ஊசியால் துளையிட்டு, உப்புத்தாளால் தேய்த்துப் பிசிறு நீக்கி, லென்ஸ் இல்லாமல் ஊசித்துளை வழியாகவே படமெடுக்கும் பின்ஹோல் கேமரா செய்தேன். துளையை ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து பெரிதாக்கி அளந்தபோது 0.4 மில்லிமீட்டர் இருந்தது. துளையிலிருந்து தாள் வரையிலான தூரம் 10 சென்டிமீட்டர். தூரத்தைத் துளையின் அளவால் வகுத்துப் பார்த்தால் எஃப் 250; இந்த எண் கூடக் கூட உள்ளே வரும் ஒளி குறையும். சாதாரண லென்ஸில் எஃப் 16-க்கும் எஃப் 22-க்கும் பழகிய கைக்கு இது வேறோர் உலகம். பிலிமுக்குப் பதிலாக உள்ளே வைத்தது பிரிண்ட் போடும் தாள். பிலிமோடு ஒப்பிட்டால் அதற்கு ஒளியை உணரும் வேகம் மிகக் குறைவு. ஆகவே நல்ல வெயிலிலேயே ஒரு நிமிடத்துக்கு மேல் துளையைத் திறந்து வைக்க வேண்டும். காலை வெளிச்சத்தில் 4 நிமிடம், நிழல் விழுந்த சந்துக்குள் 15 நிமிடம். காத்திருத்தல் என்ற தலைப்புக்கு, காத்திருந்தாலொழிய படமே தராத ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்தேன். அது தற்செயலாக நடந்ததாக நினைக்காதீர்கள். மூன்று வாரம் யோசித்து எடுத்த முடிவு.

எங்கள் தெருவில் தண்ணீர் வருவதற்கு முன்பே குடங்கள் வரிசைக்கு வந்துவிடும். டப்பாவை எதிர்த் திண்ணையில் வைத்துத் துளையைத் திறந்தேன். அந்த 4 நிமிடத்தில் பெண்கள் வந்தார்கள், பேசினார்கள், அடுப்பைப் பார்க்க உள்ளே போனார்கள்; பள்ளிப் பிள்ளைகள் ஓடினார்கள்; இரண்டு ஆட்டோக்களும் ஒரு மீன் வண்டியும் போயின. வீட்டுக் குளியலறையில் சிவப்பு பல்பின் கீழ் தாளைக் கழுவி எடுத்து, அதிலிருந்து பிரிண்ட் போட்டுப் பார்த்தால் தெருவில் ஒருவருமில்லை. நின்றவை குடங்கள் மட்டும். அந்தத் தாள் சிவப்பை உணராது என்பதால் சிவப்புக் குடங்கள் கறுப்பாகவும், நீலக் குடங்கள் வெளிறியும் வந்திருந்தன. 1838-இல் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான டாகுவேர் பாரிஸில் ஒரு பெரிய சாலையைப் படமெடுத்தபோதும் இதுதான் நடந்தது. பல நிமிடங்கள் ஒளி விழ வேண்டியிருந்ததால் போய்வந்த வண்டிகளும் மனிதர்களும் மறைந்துபோக, காலணியைத் துடைத்துக்கொள்ள நின்ற ஒருவரும் அவர் காலடியில் குனிந்திருந்தவரும் மட்டும் பதிந்தார்கள். புகைப்பட வரலாற்று வகுப்பில் முதல் மாதமே இதைச் சொல்லித் தருகிறார்கள். மறைந்துபோன பாரிஸ் மக்களைத் தேடி அந்தப் படத்தின் முன் யாரும் கோபப்படுவதில்லை. என் தெருவின் மக்கள் எங்கே என்று மட்டும் கேட்கிறார்கள். ஐயா, அவர்கள் குடத்தை வைத்துவிட்டு வேலை பார்க்கப் போயிருக்கிறார்கள். என் படம் சொல்வதே அதைத்தான்.

என் தொடரில் நான்கு படங்கள் வலைகள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும், கரையில் வலை பின்னுவார்கள், கிழிந்ததைத் தைப்பார்கள். என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்; அவரும் அவர்களில் ஒருவர். 1842-இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த சயனோடைப் முறையில் இரண்டு இரும்பு உப்புக் கரைசல்களைக் கலந்து பூசி வெயிலில் வைத்தால், ஒளி பட்ட இடமெல்லாம் கழுவிய பின் நீலமாகும், மறைக்கப்பட்ட இடம் வெள்ளையாக நிற்கும். அதற்கு அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற பெண் கடற்பாசிகளை இப்படி வைத்துப் பதித்துப் புத்தகமாக்கத் தொடங்கினார். கடற்பாசிக்குப் பொருந்திய முறை வலைக்கும் பொருந்தும் என்று தோன்றியது. நைனாவின் பழைய வேட்டியை நான்காகக் கிழித்து, கரைசலைப் பூசி, இருட்டில் உலர்த்தி, வலையை விரித்து வெயிலில் வைத்தேன்.

முதல் முறை எல்லாமே பாழானது. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் கழுவியபோது நீலம் வெளிறிப் போனது. காரத்தன்மை உள்ள தண்ணீர் அந்த நீலத்தைத் தின்றுவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. கையில் பிடித்திருந்த துணி கண்ணெதிரே மங்கியதைப் பார்த்துக் குளியலறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் மறுபடியும் பூசிப் பதித்து, கேன் தண்ணீரில் எலுமிச்சைச் சாறு பிழிந்து கழுவினேன். நின்றது. கடலடி நிறத்தில், ஒவ்வொரு முடிச்சும் தெரிய, நைனா தைத்த இடம் மட்டும் தடித்துத் தெரிய நின்றது. நைனா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, எந்த இடத்தில் எந்த நாளில் கிழிந்தது என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். அந்தத் துணியைத்தான் விருந்தினர் "அழகாக இருக்கிறது, ஆனால் டெக்ஸ்டைல் டிசைன் மாதிரி இருக்கிறது" என்று சொல்லி இரண்டு விநாடியில் கடந்து போனார்.

என் வகுப்பில் அடையாற்றிலிருந்து வரும் தோழி ஒருத்தி, மாடித் தோட்டத்தில் இலைகளின் நிழல் நாள் முழுக்க நகர்வதை 9 படங்களாக எடுத்திருந்தாள். நல்ல படங்கள், மனதார சொல்கிறேன். விருந்தினர் அவளிடம் ஒளியைப் பற்றிப் பேசினார், பொறுமையைப் பற்றிப் பேசினார், எந்த நேரத்தில் எடுத்தாய் என்று கேட்டார். அடையாறு எங்கே என்று கேட்கவில்லை, அடையாற்று மக்களின் வாழ்க்கை எங்கே என்று கேட்கவில்லை. அவள் ஒரு மாணவியாக நின்றாள். நான் ஒரு வட்டாரமாக நிற்க வைக்கப்பட்டேன். எங்கள் இருவருக்கும் கொடுக்கப்பட்ட தலைப்பு ஒன்றுதான், காத்திருத்தல்.

விமர்சனத்தைத் தாங்க முடியாதவள் எதற்குக் கலை படிக்க வந்தாய் என்று ஒருவர் எழுதியிருந்தார். என் மூன்றாவது படத்தில் ஒளிக்கசிவு இருக்கிறது, ஏழாவதில் ஓரங்கள் அளவுக்கு மேல் இருண்டிருக்கின்றன, வலைப் படங்களில் ஒன்று மற்றொன்றைத் திரும்பச் சொல்கிறது. இவற்றை எங்கள் ஆசிரியை சொன்னார், குறித்துக்கொண்டேன், நன்றியும் சொன்னேன். 43 தாள்களை வீணாக்கிய குறிப்பேடு என்னிடம் இருக்கிறது. தாங்க முடியாதவள் அதைச் செய்திருக்க மாட்டாள். அவர் நல்ல எண்ணத்தில் சொன்னார் என்கிறீர்கள், இருக்கலாம். அதனால் எனக்கு வலிக்காமல் போய்விடாது.

ஆனால் ஒரு கேள்வியை மட்டும் நான் தள்ளிவிட முடியாது. எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்த 2023 டிசம்பரை நீ பார்த்தாயே, அனல்மின் நிலையத்துச் சாம்பல் விழும் வீடுகளைப் பார்த்தாயே, உன் ஊரின் துயரத்தை நீ எடுக்காவிட்டால் யார் எடுப்பார்கள் என்று நான் மதிக்கும் ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். அண்ணா, அதை எடுக்க வேண்டும், எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கையால் மலம் அள்ளும் கொடுமையைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்துவரும் பழனி குமார் போன்றவர்களைப் பார்த்துத்தான் நான் கேமராவையே கையில் எடுத்தேன். நானும் ஒருநாள் எடுப்பேன். அதற்கு எனக்கு ஒளி தெரிய வேண்டும், நேரம் தெரிய வேண்டும், எதைக் காட்டாமல் விடுவது என்று தெரிய வேண்டும். அதையெல்லாம் கற்றுக்கொள்ளும் இடம்தான் அசைன்மென்ட். மற்றவர்களுக்கு மூன்று ஆண்டுகள் முயன்று பார்க்கக் கொடுத்துவிட்டு, என்னை மட்டும் முதல் நாளிலிருந்தே சாட்சி சொல்லச் சொன்னால் நான் எப்போது கற்றுக்கொள்வது?

இன்ன ஊர்க்காரர் என்றால் இன்ன முகம் காட்ட வேண்டும் என்ற இந்த எதிர்பார்ப்பு புதியதும் இல்லை. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக ஆங்கிலேய ஆட்சியாளர்கள் இந்திய மக்களைச் சாதி வாரியாக, இன வாரியாகப் படம்பிடித்து, கீழே குணம் எழுதி வெளியிட்டார்கள். அந்தப் பக்கங்களை நூலகத்தில் கணினித் திரையில் பார்த்தபோது, படத்தில் இருப்பவர்களிடம் யாராவது ஒரு பிரதி கொடுத்திருப்பார்களா என்றுதான் முதலில் தோன்றியது. எனக்கு ஏன் அது தோன்றியது என்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் பகுதிக்குக் கேமராவோடு குழுக்குழுவாக வருவார்கள். என் ஆயாவுக்கு இரண்டு மூக்குத்தி, நெற்றி நிறையச் சுருக்கம், வாய் நிறையச் சிரிப்பு. நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி வந்து அவரைத் திண்ணையில் உட்கார வைத்து நெடுநேரம் எடுத்தார். ஆயா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "ஒரு காப்பி குட்ப்பா, மாட்டி வெச்சிக்கிறேன்" என்றார். அடுத்த வாரம் கொண்டுவருவதாக அவர் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தப் படத்தை இணையத்தில் நான் பார்த்தேன், கறுப்பு வெள்ளையில், கீழே 'வலி' என்ற ஒற்றைச் சொல்லோடு. அன்று காலை ஆயா சிரித்துக்கொண்டே இருந்தார். சிரிக்காத ஒரு கணத்தை அந்தத் தம்பி பொறுக்கி எடுத்திருந்தார். நான் அதை ஆயாவிடம் காட்டவில்லை. ஆயா இன்னமும் எப்போதாவது, "அந்தப் பையன் வரவேயில்லையேம்மா" என்று கேட்கிறார்.

என் ஒன்பதாவது படம் ஆயா. விருந்தினர் அதன் முன்னால் நின்று, "முகம் மட்டும் தெளிவாக இருந்திருந்தால் இதுதான் உங்கள் தொடரிலேயே சிறந்த படம்" என்றார். காணொளியில் நான் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்ட இடம் அதுதான். வாயடைத்துப் போனேன் என்று எழுதினீர்கள். உண்மைதான். 6 நிமிடம் டப்பாவைத் திறந்து வைத்திருந்தபோது ஆயா இறால் உரித்துக்கொண்டே, அந்தத் தம்பியைப் பற்றியும் டீயைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தார். அசையாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தட்டு தெளிவாக இருக்கிறது, திண்ணை தெளிவாக இருக்கிறது, கைகள் புகை மாதிரி இருக்கின்றன, முகம் பேச்சில் கலைந்துவிட்டது. அந்தப் படத்தில் காத்திருப்பவர் யார், எதற்காகக் காத்திருக்கிறார் என்பதை நிறைந்த வகுப்பில், பத்துப் பன்னிரண்டு பேர் செல்போனில் பதிவு செய்துகொண்டிருந்தபோது, நான் எப்படிச் சொல்வது?

படங்களை மறுபடியும் சமர்ப்பிக்க ஒரு வாய்ப்புத் தருவதாகவும், இம்முறை "மனிதர்களோடு" எடுத்துவரும்படியும் சொல்லியிருக்கிறார்கள். நாளை திங்கட்கிழமை அதே 9 படங்களையும் அதே வரிசையில் வைக்கப்போகிறேன். ஒளி கசிந்த மூன்றாவதை மட்டும் டப்பாவின் மூடிக்குக் கறுப்பு டேப் ஒட்டி இன்று காலை மறுபடி எடுத்துவிட்டேன். ஒன்பதாவது படத்துக்கு இரண்டு பிரதிகள் போட்டேன். ஒன்று வகுப்புக்கு. இன்னொன்றுக்குச் சட்டம் போட மணிக்கூண்டுப் பக்கத்துக் கடையில் கொடுத்திருக்கிறேன், புதன்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.