ஆமா சார், நான் பேன் தான் பாக்குறேன்

ஞாயித்துக்கிழமை மாடித்தோட்ட மீட்டிங்ல மைக்குல பேசின ஒரு பெரியவர், நான் பிஎச்டி பண்ற அசுவினி (அதாவது செடிப்பேன்) ஆராய்ச்சிய கேலி பண்ணத பத்தி எழுதவே வேணாம்னு தான் இருந்தேன். வீடியோ எல்லா க்ரூப்லயும் வந்தாச்சு, பாதி பேர் சிரிப்பு எமோஜி போட்டாச்சு, ரெண்டு பேர் தனியா வந்து "விடும்மா, பெரியவர்"னு சொல்லிட்டாங்க. பெரியவர் தான், மரியாத இருக்கு, அதனால தான் அன்னைக்கு மைக்க குடுத்துட்டு வாய மூடிட்டு உக்காந்தேன். ஆனா இன்னைக்கு காலைல அந்த க்ளிப்புக்கு காமெடி மியூசிக் போட்டு எங்க லேப் க்ரூப்புக்கே ஒருத்தர் அனுப்புறாரு பாருங்க, அப்ப தான் சரி, எழுதிடலாம்னு ஆயிடுச்சு.

"பேன் பாக்கறதுக்கு பிஎச்டியா!" நல்ல ஜோக் தான். நானே சிரிச்சேன், வீடியோல பாருங்க, பல்லு தெரியுது. ஜோக்குக்கு முன்னாடி அவர் என்ன சொன்னாருங்கறத மட்டும் யாரும் பேசல. அவரையில அசுவினி போகலன்னா மருந்த டபுள் டோஸ் போடுங்க, அதுக்கும் சாகலன்னா ட்ரிபிள் போடுங்கன்னாரு. ஹால்ல இருந்தவங்க நோட்ல எழுதிக்கிட்டாங்க, எனக்கு முன்னாடி உக்காந்திருந்த அக்கா "ட்ரிபிள்"க்கு கீழ கோடு வேற போட்டாங்க. நான் எழுந்து சொன்னது மொத்தமே மூணு வார்த்த. டோஸ ஏத்தாதீங்க சார்.

இங்கயும் அதே தான் சொல்லப்போறேன். டோஸ ஏத்தாதீங்க.

அசுவினின்னா என்னன்னு உங்க அவரைக்கொடியோட நுனிய திருப்பி பாருங்க, மார்கழி தை வந்தா கருப்பா பளபளன்னு அப்பிக்கிட்டு இருக்கும், கீழ் இலையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கும், எறும்பு வரிசை கட்டும். அதுல நீங்க பாக்கறது கிட்டத்தட்ட எல்லாமே பொம்பள. நம்ம ஊர் சூட்டுக்கு ஆணே தேவையில்ல, முட்டையும் கெடையாது, நேரா குட்டி போடும். அந்த குட்டி பொறக்கும்போதே அது வயித்துக்குள்ள அடுத்த தலமுற வளர ஆரம்பிச்சிருக்கும், அதாவது அம்மா வயித்துல பொண்ணு, பொண்ணு வயித்துல பேத்தி. பொறந்தது ஒரு வாரம் பத்து நாள்ல தானே குட்டி போட ஆரம்பிச்சிடும். எல்லாம் அம்மாவோட அச்சு அசல். இப்ப ஆயிரம் பூச்சிக்கு மருந்து அடிக்கறீங்க, அதுல நாலு தப்பிக்குதுன்னு வெச்சுக்கோங்க. ஏன் தப்பிச்சுச்சு? அதுங்க உடம்புல ஏற்கனவே ஏதோ ஒண்ணு வேற மாதிரி இருக்கு. அந்த நாலும் ஒரு மாசத்துல பழைய ஆயிரத்த திருப்பி நிரப்பிடும், இந்த தடவ எல்லாமே தப்பிக்கிற ஜாதி. மருந்து அதுங்களுக்கு எதையும் சொல்லிக்குடுக்கல சார், பொறுக்கி எடுத்தது நாம. ட்ரிபிள் அடிச்சா இன்னும் கெட்டியான நாலு தான் மிஞ்சும், கூடவே அதுங்கள தின்ன வந்த பொறிவண்டு மொத்தமா காலி.

பொறிவண்டுன்னதும் ஞாபகம் வருது. எங்க அம்மா போன வருஷம் அவரைப்பந்தல்ல "குட்டி முதலை மாதிரி ஏதோ புழு"ன்னு சொல்லி முப்பது நாப்பத நசுக்கி போட்டுட்டு பெருமையா எனக்கு போட்டோ அனுப்பினாங்க. அத்தனையும் பொறிவண்டோட குஞ்சுப்புழு. அசுவினி தின்ற கூட்டத்த அசுவினி ஆராய்ச்சி பண்றவளோட அம்மாவே கொன்னது வரலாறு. சரி அத விடுங்க.

மருந்து வேல செய்யாம போறது ஒண்ணும் என்னோட கற்பனையில்ல. பச்சை பீச் அசுவினின்னு (பீச் பழத்தோட பேரு) ஒண்ணு இருக்கு, உலகம் பூரா நூத்துக்கணக்கான செடியில உக்காரும். அதுக்கு மருந்த பிடிச்சு வெச்சு உடைக்கிற ஒரு என்சைம் உண்டு. மருந்துலயே வாழ்ந்து வாழ்ந்து சில கூட்டத்துல அந்த என்சைமோட ஜீன் 80 காப்பி வரைக்கும் பெருகி கெடக்கு. நீங்க டபுள் பண்றீங்க, அது 80 காப்பி வெச்சிருக்கு, யாரு ஜெயிப்பா? 2009ல தெற்கு பிரான்ஸ்ல பீச் பழத் தோட்டத்துல பிடிச்ச கூட்டத்துல இமிடாகுளோபிரிட்ங்கற பூச்சிமருந்து போய் ஒட்டவேண்டிய எடமே மாறிப்போயிருந்துச்சு. பூட்டே மாறியாச்சு, சாவிய எவ்ளோ பெருசா செஞ்சா என்ன?

"நான் மருந்த மாத்தி மாத்தி தான் அடிக்கறேன்"னு சார் சொன்னாரே, என்னென்னன்னும் அவரே சொன்னாரு. இமிடாகுளோபிரிட், அசிட்டாமிப்ரிட், தையாமீத்தாக்சாம். மூணும் ஒரே குடும்பம் சார், நரம்புல ஒரே எடத்துல தான் போய் ஒட்டும். கீ செயின மட்டும் மாத்திக்கிட்டு சாவிய மாத்திட்டேங்கறீங்க.

இப்ப இயற்கை விவசாய நண்பர்கள் வருவாங்க, "அதுக்கு தான் நாங்க மருந்தே வேணாங்கறோம்"னு. எனக்கு உங்க மேல கோவமில்ல, பாதி ஒத்துக்கறேன். ஆனா மீட்டிங்ல உங்காளு ஒருத்தர் புகையிலை கரைசல் "இயற்கை, பாதுகாப்பு"ன்னாரு பாருங்க, அது நிக்கோட்டின். புகையிலைச் செடி பூச்சிக்கு எதிரா தானே காய்ச்சி வெச்சிருக்கற விஷம். மேல சொன்ன மூணு மருந்தும் வேல செய்யறது அதே எடத்துல தான். புகையிலையில வாழப் பழகின அசுவினி நிக்கோட்டின உடைக்க ஒரு என்சைம அதிகமா சுரக்குது, அதே என்சைம் இமிடாகுளோபிரிட்டையும் உடைக்குது. செடியோட சண்ட போட்டு கத்துக்கிட்ட வித்தைய கம்பெனி மருந்து மேல இறக்கிடுச்சு. இன்னொண்ணு, மருந்துக்கு பூச்சி சாகாம போறத மொதமொதல்ல எழுதி வெச்சது 1914ல, அமெரிக்காவுல மெலாண்டர்ங்கறவரு. பழத்தோட்டத்து செதில் பூச்சி எதுக்கு சாகலன்னு நெனைக்கறீங்க? சுண்ணாம்பு கந்தகக் கரைசலுக்கு. இன்னைக்கும் இயற்கை விவசாயத்துல அடிக்கறது தான் அது. பூச்சிக்கு ஆர்கானிக், கெமிக்கல்னு கட்சியெல்லாம் கெடையாது.

அடுத்து "நீ கம்பெனி ஆளு". ஸ்டைபண்ட் மூணு மாசமா வரல. கம்பெனி ஆளா இருந்தா ஸ்கூட்டிக்கு டயராவது மாத்தியிருப்பேன்.

"எங்க வரிப்பணத்துல பேன பெருமாளாக்குறீங்க"ன்னு ஒரு கமெண்ட். இதுக்கு கொஞ்சம் நிதானமா சொல்றேன். 2008ல கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்துச்சு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெள்ளையா மாவு கொட்டின மாதிரி. டோஸ ஏத்தி ஏத்தி அடிச்சாங்க, மெழுகு போர்வைக்குள்ள அது சொகமா இருந்துச்சு. 2010ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து கண்ணுக்கே சரியா தெரியாத ஒரு குளவிய கொண்டாந்து விட்டாங்க, அது மாவுப்பூச்சிக்குள்ள முட்ட வெச்சு அடக்கிடுச்சு. இது வழக்கமா பாக்கற மாவுப்பூச்சி இல்ல, வேற ஜாதின்னு யாரோ ஒருத்தர் ஸ்லைடுல வெச்சு துவாரத்தையும் முடியையும் எண்ணி சொன்னதால தான் எந்த குளவின்னே தெரிஞ்சுச்சு. அதுவும் பேன் பாக்கற வேல தான். இதே சென்னையில லயோலா கல்லூரியில உக்காந்து பூச்சி ஆராய்ச்சியாளர் டி.என்.அனந்தகிருஷ்ணன் ஆயுசு பூரா இலைப்பேன பாத்தாரு, உலகமே அவர கேட்டுச்சு. அவரு இருந்தா அவருக்கும் காமெடி மியூசிக் போட்டிருப்பீங்களோ என்னவோ.

எல்லா ஆராய்ச்சியும் ஜெயிக்கும்னு நான் சொல்லல. இங்கிலாந்துல ரோத்தம்ஸ்டெட்ங்கற விவசாய ஆராய்ச்சி நிலையத்துல ஒரு கோதுமை பண்ணாங்க, அசுவினி ஆபத்துல விடுற வாசனைய செடியே விடும், பூச்சி பயந்து ஓடணும். லேப்ல ஓடுச்சு. வயல்ல ஓடல, 2015ல அவங்களே ரிசல்ட வெளியிட்டு ஒத்துக்கிட்டாங்க. இருபத்திநாலு மணி நேரமும் "ஐயோ திருடன்"னு கத்திக்கிட்டே இருந்தா பக்கத்து வீட்டுக்காரன் கூட எட்டிப் பாக்க மாட்டான்ல. தோத்தத தோத்ததா சொன்னாங்க. ட்ரிபிள் டோஸ் சார் என்னைக்காவது "நான் சொன்னது வேல செய்யல"ன்னு வீடியோ போட்டிருக்காரா?

ஒரே ஒரு கேள்விக்கு தான் எங்கிட்ட நேரா பதில் இல்ல. "மாடில நாலு தொட்டி வெச்சவனுக்கு சொல்லலாம், கடன் வாங்கி ஒரு ஏக்கர் போட்டவனுக்கு என்ன சொல்லுவ?" எங்க சித்தப்பா ஊத்துக்கோட்டை பக்கம் கத்திரி போட்டவரு. மருந்துக்கடைல குடுத்த மூணு பாட்டிலயும் ஒரே டேங்குல ஊத்தி, சட்ட கூட போடாம உச்சி வெயில்ல அடிச்சிட்டு வரப்புலயே விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரில ரெண்டு நாள். வாயில நொர, கண்ணு பாப்பா குண்டூசி முனை மாதிரி சுருங்கி கெடந்துச்சு. நான் அப்ப பன்னெண்டாவது. 2017ல மகாராஷ்டிராவுல யவத்மால்ல மருந்து அடிச்ச விவசாயிங்க செத்த செய்தி வந்தப்போ பேப்பர மடிச்சு வெச்சிட்டு எழுந்து போயிட்டாரு, ஒண்ணும் பேசல. டோஸ ஏத்துன்னு மைக்குல சொல்றவங்களுக்கு அந்த நொர தெரியாது.

சாரி, எங்கயோ போயிட்டேன்.

பேன் பாக்கறத கேலி பண்றவங்களுக்கு இன்னொண்ணு. நான் ஆறாவது படிக்கும்போது தல நெறைய பேன். மெடிக்கல்ல பெர்மெத்ரின் லோஷன் வாங்கி போட்டாங்க, பாதி செத்துச்சு, மீதி ஆடுச்சு. கடைசில எங்க ஆயா தான் திண்ணைல உக்கார வெச்சு பேன்சீப்பால வாரி, ஒவ்வொண்ணா நகத்துல குத்தி தீத்துச்சு. பெர்மெத்ரின் அந்த ரோத்தம்ஸ்டெட்ல 1973ல வந்த மருந்து, நம்ம வீட்டு கொசுவர்த்தில இருக்கறதும் அதே வம்சம் தான். பேனு, அசுவினி, கொசு மூணுக்கும் நரம்புல ஒரு கதவு உண்டு, அந்த கதவுல சின்னதா ஒரு மாத்தம் வந்தா இந்த மருந்து ஏறாது. ஆயாவுக்கு கதவெல்லாம் தெரியாது. ஆனா லோஷன ட்ரிபிளா கொட்டுன்னு சொல்லல, சீப்ப எடுத்துச்சு. மாடித்தோட்டத்துக்கும் சீப்பு இருக்கு: காலைல ஹோஸ்ல தண்ணிய வேகமா பீச்சுங்க, அப்பின நுனிய கிள்ளி போடுங்க, யூரியாவ கொறைங்க, முதலை மாதிரி புழுவ விட்டுடுங்க. மீட்டிங்ல இத சொல்ல தான் எழுந்தேன், மூணாவது வார்த்தையிலயே சிரிச்சிட்டீங்க.

இப்ப ராத்திரி பதினொன்ற. காலைல ஏழு மணிக்கு லேப்ல 72 மணி நேர கவுண்ட் (மருந்து வெச்சு 72 மணி நேரம் கழிச்சு எத்தன உயிரோட இருக்குன்னு எண்றது) இருக்கு, ஒவ்வொரு பூச்சியையும் ஜீரோ நம்பர் பிரஷால தொட்டு கால் அசையுதா இல்லயான்னு எண்ணணும், நடுவுல கரண்ட் போயி ஏசி நின்னுச்சுன்னா மருந்தே படாததும் செத்துடும், முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அதனால ஒரு உதவி. ட்ரிபிள் டோஸ் சாரோட நம்பர் யார்கிட்டயாவது இருந்தா கேட்டு சொல்லுங்க. அவர் மாடில இவ்ளோ வருஷம் மருந்து குடிச்சும் உயிரோட இருக்கற அசுவினி எனக்கு ஒரு கொத்து வேணும், அப்படி ஒரு ஸ்டாக் எங்க லேப்ல கெடையாது. இலையோட கிள்ளி வெச்சா போதும், கவர் நானே கொண்டு வரேன்.