ஒரு செலவும் வைக்காத பழைய ஸ்போர்ட்ஸ் கார்

நேற்றும் ஒருவன் அதே கேள்வியைக் கேட்டுவிட்டான். "அண்ணா, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். மூணு பார்த்து வச்சிருக்கேன். மூணுல எதுக்கு மெயின்டெனன்ஸ் கம்மி?" நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த நண்பர் ஃபோனை எடுத்து ஓர் அட்டவணையை நீட்டிவிட்டார். காரின் பெயர், வாங்கும் விலை, ஆண்டுப் பராமரிப்புச் செலவு. மூன்றே கட்டம். மூன்றாவது கட்டத்தில் எது சின்ன எண்ணோ, அதுதான் நல்ல காராம். தம்பி தலையை ஆட்டிக்கொண்டே அதைப் படம் எடுத்துக்கொண்டான். எனக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை.

அந்த மூன்றாவது கட்டத்தை எப்படி நிரப்புகிறார்கள் தெரியுமா? கார் வைத்திருப்பவரிடம் "இதுவரைக்கும் எவ்வளவு செலவாச்சு" என்று கேட்டு, அதை ஆண்டுகளால் வகுக்கிறார்கள். அந்த ஆள் செய்த செலவு அதில் இருக்கும். செய்ய வேண்டியிருந்து செய்யாமல் விட்டது எங்கே இருக்கும்? இருபது வயதான காரில் செய்யாமல் விட்டதுதான் பெரிய தொகை. கணக்கே அங்கேதான் தொடங்குகிறது.

அட்டவணை நீட்டிய நண்பரையே எடுத்துக்கொள்வோம். மூன்று வருடம் ஒரு இரண்டு சீட்டர் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுவார். மூன்று தடவை ஆயில் மாற்றினார், ஒரு பேட்டரி போட்டார். அவ்வளவுதான். "மூணு வருஷமா பெட்ரோல் தவிர ஒரு செலவும் இல்ல" என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான்காவது வருடம் டைமிங் பெல்ட், அதாவது எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் ரப்பர் பெல்ட், மாற்றும் கெடு வந்தது. மேட்டில் ஏறும்போது கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. அதே மாதம் காரை விற்றுவிட்டார். இப்போது அவர் கணக்கு பளிங்கு மாதிரி சுத்தமாக இருக்கிறது. பெல்ட்டும் கிளட்சும் வாங்கினவர் தலையில். அந்த வாங்கினவரிடம் போய் யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் அதே காருக்கு, அதே வருடத்தில், வேறொரு எண் வந்திருக்கும்.

நானும் இப்படி ஒருவரிடம்தான் வாங்கினேன். என் காரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் "அது கார் குத்தம் இல்ல, உங்க ராசி" என்று நான்கு பேர் சண்டைக்கு வருவார்கள். விற்றவர் ஒரு தடிமனான ஃபைலைக் கையில் கொடுத்தார். "எல்லா பில்லும் இருக்கு சார், ஒண்ணு விடாம வச்சிருக்கேன்." நான் அந்த ஃபைலின் எடையைப் பார்த்தேனே ஒழிய, உள்ளே இருந்த தாள்களைப் படிக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஓர் இரவு உட்கார்ந்து படித்தேன். பாதி பில் கார் கழுவியதற்கு. நான்கு வைப்பர் பிளேடு. ஆயில், ஆயில், மறுபடியும் ஆயில். ரப்பர் மேட் வாங்கியதற்குக்கூட ரசீது வைத்திருந்தார் மனுஷன். டைமிங் பெல்ட் என்ற சொல் அந்த ஃபைலில் ஓர் இடத்திலும் இல்லை. கூலன்ட் ஹோஸ் இல்லை, சஸ்பென்ஷன் புஷ் இல்லை, வாட்டர் பம்ப் இல்லை. பொய் சொல்லவில்லை அவர். நிஜமாகவே ஒரு செலவும் செய்யவில்லை!

இதில் ஆட்களை ஏமாற்றுவது விற்பனை விலை. புதிதாக வந்தபோது பெரிய பணக்காரர்கள் மட்டும் வாங்கிய கார், இருபது வருடத்தில் சாதாரண புதுக் காரின் விலைக்கு இறங்கிவிடுகிறது. கார்தான் இறங்கியது. அதன் ஹெட்லைட் இறங்கவில்லை, பிரேக் டிஸ்க் இறங்கவில்லை. சில உதிரிபாகங்கள் தயாரிப்பு நின்றதால் இன்னும் ஏறியிருக்கின்றன. பிஎம்டபிள்யூ இ60 எம்5 ஒரு நல்ல உதாரணம். ஐந்து லிட்டர் வி10 எஞ்சின், 507 குதிரைத்திறன், பத்து சிலிண்டருக்கும் காற்றை உள்ளே விட தனித்தனி த்ராட்டில். நான்கு கதவு வைத்த கார்தான், ஆனாலும் இந்தப் பேச்சில் அது இல்லாமல் இருக்காது. இப்போது கிடைக்கும் விலையைப் பார்த்தால் வாய் பிளக்கத் தோன்றும். எஞ்சினுக்குள் ராட் பேரிங் தேய்வது, த்ராட்டிலை அசைக்கும் ஆக்சுவேட்டர் போவது, கிளட்ச் பெடல் இல்லாத எஸ்எம்ஜி கியர்பாக்ஸின் ஹைட்ராலிக் பம்ப் படுத்துவது எல்லாம் இந்தக் காரை வைத்திருப்பவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் பட்டியல். யானை விலை மலிந்துவிட்டது என்பதற்காக அது தின்பது குறையுமா?

அப்புறம் இன்னொரு கூட்டம். பாகத்தின் விலையை மட்டும் பார்த்துவிட்டு "ஒரு பேரிங்தானே, ஒரு பெல்ட்தானே" என்பார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் ஆட்கள் சொல்லி வைத்தது இந்தக் கார்களுக்காகத்தான் போலிருக்கிறது. போர்ஷே 996 தலைமுறை 911, 986 பாக்ஸ்டர் இரண்டிலும் வரும் ஐஎம்எஸ் பேரிங் கதை இதில் பிரபலம். எஞ்சினுக்குள் ஓடும் இடைத்தண்டின் ஒரு முனையைத் தாங்கும் சின்ன பேரிங் அது, உள்ளங்கையில் அடங்கிவிடும். அதைத் தொடுவதற்கு கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கிளட்சைக் கழற்ற வேண்டும். மாற்றாமல் விட்டு அது உடைந்தால், டைமிங் கலைந்து, உலோகத் துகள் ஆயிலோடு கலந்து, எஞ்சினே போய்விடும். அதே 996-இல் டர்போவுக்கும் ஜிடி3-க்கும் வேறு எஞ்சின், அவற்றுக்கு இந்தத் தலைவலி கிடையாது. ஆனால் அட்டவணையில் எல்லாம் ஒரே வரி: "911, 996".

சராசரி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிவதும் இதனால்தான். அந்த பேரிங் எல்லா எஞ்சினிலும் உடைவதில்லை. பலருக்குக் கடைசிவரை ஒன்றும் ஆகாது. ஆகிறவருக்கு முழு எஞ்சின். ஒருவருடைய எஞ்சின் செலவை எல்லார் தலையிலும் பிரித்துப் போட்டு "வருஷத்துக்கு இவ்வளவுதான் வரும்" என்கிறார்கள். அந்தத் தொகை யாருக்குமே வராதே! ஒன்று, அதைவிட ரொம்பக் குறைவாக வரும். இல்லையென்றால் உட்கார்ந்து அழுகிற அளவுக்கு வரும்.

ஃபெராரி எஃப்355-க்கு இன்னும் மேல். 1990-களின் கார், பார்க்கக் கொள்ளை அழகு, அதை மறுக்க மாட்டேன். அதன் டைமிங் பெல்ட்டை மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். சும்மா நிறுத்தியே வைத்திருந்தாலும் ரப்பருக்கு வயதாகும் என்பதால், சில வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்துதான் ஆக வேண்டும். அடுத்து வந்த 360-இல் சீட்டுக்குப் பின்னால் உள்ள மூடியைத் திறந்து, எஞ்சினை இறக்காமலே பெல்ட்டைத் தொட்டுவிடலாம். எஃப்430-இல் பெல்ட்டே இல்லை, செயின். அடுத்தடுத்து வந்த மூன்று கார்கள், ஒரே ஒரு வேலையில் இத்தனை வித்தியாசம். அதையெல்லாம் விட்டுவிட்டு "ஃபெராரின்னா செலவு ஜாஸ்தி" என்று ஒரே வாயில் முடித்துவிடுவார்கள்.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். "கழற்றினது கழற்றியாச்சு." இந்த இரண்டு சொல்லுக்கு எந்த அட்டவணையிலும் கட்டம் இல்லை. பெல்ட்டுக்காக முன்பக்கத்தைக் கழற்றினார் என் மெக்கானிக். நல்ல மனுஷர், அநியாயமாகப் பேச மாட்டார், அதுதான் பிரச்சினையே. "பெல்ட் மாத்துறோம், டென்ஷனரைப் பழசா விட முடியாது சார்." நியாயம். "வாட்டர் பம்ப் இந்தப் பெல்ட்லதான் ஓடுது. ஆறு மாசம் கழிச்சு அது லீக் ஆனா மறுபடி இதே வேலை." அதுவும் நியாயம். "கேம் சீல் கசியுது பாருங்க, புது பெல்ட்ல ஆயில் பட்டா வீணாப் போயிடும்." நியாயம். "இந்த ஹோஸைத் தொட்டேன், பிஸ்கட் மாதிரி உதிருது." ஐயா, நியாயம்! ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். ஒன்றில்கூட அவரை மறுத்துப் பேச எனக்கு வழியில்லை. பெல்ட்டின் விலை கடைசி பில்லில் எட்டாவது வரியில் எங்கேயோ ஒளிந்துகொண்டிருந்தது. அதற்குமேல் கூத்து, ஒரு பிளாஸ்டிக் கிளிப். கழற்றும்போது உடைந்தது. அந்த கிளிப் தனியாக வராதாம், அது பிடித்திருக்கும் பைப்போடு சேர்த்துத்தான் வருமாம். பைப் வர மூன்று வாரம். மூன்று வாரமும் கார் லிஃப்ட்டின் மேல், நான் பஸ்ஸில்.

சரி, குறைவாக ஓடிய காராகப் பார்த்து எடுக்கலாமே என்பார்கள். இதுவும் ஒரு பெரிய மாயை. கிலோமீட்டர் குறைவு என்றால் ஏதோ பெட்டிக்குள் பூட்டி வைத்த புதுக் கார் என்று நினைப்பு. நின்ற காரும் கெடும் சாமி! பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால்தான் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். சீல்கள் காய்ந்து சுருங்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 3511 என்றால் 2011-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் தயாரானது. என் காரின் டயரில் பட்டன் முழுசாக இருந்தது, விற்றவர் விரலை விட்டுக் காட்டினார். தேதியைப் பார்த்தால் என் அண்ணன் மகள் பிறந்த வருடம். அவள் இப்போது எட்டாம் வகுப்பு. மரக்கட்டை போல் இறுகிப்போன அந்த டயரில் முதல் மழைக்கே நான் திருப்புவதற்கு முன்பே கார் வழுக்கித் திரும்பியது. நாலும் மாற்றினேன். இதெல்லாம் "குறைவாக ஓடியது" என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கிய பிறகு!

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 பற்றி ஒரு வார்த்தை. "1.3 லிட்டர்தானே, சின்ன எஞ்சின், செலவு குறைவாகத்தான் இருக்கும்" என்று ஒருவர் என்னிடம் முகம் மாறாமல் சொன்னார். அது ரோட்டரி எஞ்சின் ஐயா, பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றுவது. சீல்களுக்கு வழவழப்பு வேண்டும் என்பதற்காக, எரியும் அறைக்குள்ளேயே ஆயிலைச் செலுத்தும்படி வடிவமைத்தது. ஆயில் குறைவது அதில் கோளாறே இல்லை, பெட்ரோல் போடும்போது ஆயிலையும் பார்க்க வேண்டும். ரோட்டரின் முனைகளில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் தேய்ந்து கம்ப்ரஷன், அதாவது உள்ளே அழுத்தும் திறன், போனால் எஞ்சினைப் பிரித்துக் கட்டுவதுதான் வழி. வாங்கும் முன் கம்ப்ரஷன் பார்க்க, சாதாரண கேஜ் சரிப்படாது. ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியாகக் காட்டும் கருவி வேண்டும். அது இல்லாத இடத்தில் சோதித்து "நல்லா இருக்கு" என்று வாங்கினவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஓட்ட அற்புதமான கார். அதற்காகச் சின்ன எஞ்சின் கணக்கில் அதைச் சேர்க்கலாமா?

செலவு குறைந்த காரே கிடையாதா என்றால், உண்டு. மாஸ்டா எம்எக்ஸ்-5 எளிமையான கார், கையால் தொட்டுச் சரிசெய்யலாம், பாகங்கள் தாராளம். ஆனால் அதிலும் சீட்டுக்குப் பின்னால் கூரைத்தண்ணீர் வடியும் துளை இலைக்குப்பையால் அடைத்துக்கொண்டால், தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள சட்டத்துக்குள் இறங்கி உள்ளிருந்தே துருவேற்றும். ஒரு கம்பி விட்டுக் குத்தினால் தீர்கிற வேலை. "ஒரு செலவும் இல்ல" கூட்டம் அதைக்கூடச் செய்வதில்லை. பிறகு வெல்டிங் செலவு அடுத்தவருக்கு. ஹோண்டா எஸ்2000-உம் உறுதியான எஞ்சின்தான். இரண்டு லிட்டர் எஞ்சின் 9000 ஆர்பிஎம் வரை சுற்றும், டைமிங் செயின் வைத்தது. அது எல்லாருக்கும் தெரிந்துவிட்டதால் வாங்கும் விலையிலேயே அந்த நல்ல பெயருக்கும் சேர்த்துக் கறந்துவிடுகிறார்கள்.

"விலை ஏறுது பாஸ், செலவெல்லாம் அதுல போயிடும்" என்பவரிடம் நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். காற்றில் குளிரும் பழைய 911-கள் ஏறின, உண்மை. ஏறின காசை எடுக்க காரை விற்க வேண்டும். வாங்க வருபவர் என்னைப் போல் எடை பார்க்கிற முட்டாளாக இருக்க வேண்டும். விவரமானவர் வந்தால், நீங்கள் செய்யாமல் விட்ட அத்தனையையும் விரல்விட்டு எண்ணி விலையில் கழிப்பார்.

அந்தத் தம்பிக்கு இன்று காலையில் ஃபோன் செய்தேன். மூன்று காரின் பெயரையும் கேட்கவில்லை. மூன்றிலும் பெல்ட் இருந்தால் எந்த வருடம் மாற்றியது, கிளட்ச் எப்போது, டயரில் என்ன நாலு இலக்கம், கூலன்ட் ஹோஸ் கையால் அமுக்கினால் எப்படி இருக்கிறது, இவ்வளவையும் எழுதிக்கொண்டு வா என்றேன். தெரியாததற்கு நேரே "மாற்றவில்லை" என்றே எழுதச் சொன்னேன். "அப்படிப் பார்த்தா மூணுமே செலவு வைக்கும் போலிருக்கே அண்ணா" என்றான். ஆமாண்டா.

இதற்குமேல் திட்ட எனக்கு நேரமில்லை. பைப் வந்துவிட்டதாம். மாட்டிப் பார்த்துவிட்டு மெக்கானிக் அழைத்தார். "ஃபோன்ல வேணாம் சார், நேர்ல வாங்க, காட்டறேன்" என்கிறார்.