கொடி போன இடமெல்லாம் அரசியலமைப்பு போகவில்லை

"ஒரு நாட்டின் ஆளுகைக்குள் வந்துவிட்டால் அதன் அரசியலமைப்பு உரிமைகளும் தானாக வந்துவிடும்" என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அமெரிக்க வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1898 பாரிஸ் உடன்படிக்கையில் போர்ட்டோ ரிக்கோ, குவாம், பிலிப்பைன்ஸ் மூன்றும் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா வசம் வந்தன. போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானிலிருந்து நியூயார்க் வந்த ஆரஞ்சுப் பழங்களுக்கு 659.35 டாலர் சுங்கம் வசூலித்தார்கள். ஒரே நாட்டுக்குள் ஏது சுங்கம் என்று வணிகர் டவுன்ஸ் வழக்குப் போட்டார். 1901-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற நீதிபதிகள் கணக்கில் கையை விரித்தது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிரவுன். 1896-இல் நிறப் பாகுபாட்டை நியாயப்படுத்திய பிளெஸ்ஸி தீர்ப்பும் அவர் கைவண்ணம்தான்!

ஆனால் பின்னாளில் நிலைத்தது நீதிபதி ஒயிட்டின் வாதம். நாட்டின் பகுதியாக 'இணைக்கப்பட்ட' பிரதேசத்துக்கு அரசியலமைப்பு முழுமையாகப் பொருந்தும். 'இணைக்கப்படாத' பிரதேசத்துக்கு அடிப்படை உரிமைகள் மட்டுமே. எது அடிப்படை? அங்கேதான் சிக்கல். 1904-இல் பிலிப்பைன்ஸ் மக்களுக்கு ஜூரி (சாதாரண மக்கள் குழு தீர்ப்புச் சொல்லும்) விசாரணை கிடையாது என்றார்கள்.

குடியுரிமை கிடைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் பால்சாக் வழக்கைப் பார்க்கலாம். 1917-இல் போர்ட்டோ ரிக்கோ மக்கள் குடிமக்களானார்கள். அவதூறு வழக்கில் சிக்கிய பத்திரிகை ஆசிரியர் பால்சாக் ஜூரி கேட்டார். 1922-இல் மறுத்துவிட்டார்கள்: கணக்கில் வருவது இடம், ஆளின் தகுதி அல்ல. அதே ஆள் நியூயார்க்கில் குடியேறினால் முழு உரிமையும் உண்டு.

ஆனால் 2008 பூமெடின் தீர்ப்பு, கியூபாவில் அமெரிக்க ராணுவத் தளமான குவாண்டனாமோவில் இருந்த வெளிநாட்டுக் கைதிகளுக்கே ஆட்கொணர்வு மனு உரிமையைத் தந்தது. அதுவும் 5-4தான். பசிபிக்கில் உள்ள அமெரிக்கப் பிரதேசமான அமெரிக்கச் சமோவாவில் பிறப்பவரின் கடவுச்சீட்டிலோ 'குடிமகன் அல்ல' என்ற குறிப்பு இன்றும் இருக்கிறது.