பென்டிரைவ் பாடுவதற்கு 90 பேர் எதற்கு?

படிக்கும்போது இரண்டு வருடம் பல்கலைக்கழகச் சேர்ந்திசைக் குழுவில் இருந்தேன். கோவையில்தான். ஏறக்குறைய 90 பேர். சேர்ந்த அன்றைக்கே அமுச்சி (பாட்டி) கேட்டது: "அத்தனை பேருக்குள்ள உன்ற குரல் எப்படி சாமி தெரியும்?"

தெரியாது. தெரிந்தால் தப்பு என்று புரிய எனக்கு ஒரு செமஸ்டர் ஆனது.

தனிப்பாட்டுப் போட்டிகளில் கோப்பை வாங்கி வந்தவர்கள்தான் அதிகம் திணறினார்கள். ஒரு ஸ்வரத்தில் அசையாமல் நிற்கச் சொன்னால் கமகம், அதாவது குரலை அசைத்துப் பாடுவது, தானாக வந்துவிடும். நான் பாத்ரூம் பாடகன், அந்தத் தொல்லை இல்லை. பெண்களில் மேல்குரல் சொப்ரானோ, கீழ்க்குரல் ஆல்டோ. ஆண்களில் டெனர், பேஸ். நாலு பிரிவுக்கும் ஒரே நேரத்தில் நாலு மெட்டு. எனக்கு பேஸ். பக்கத்து வரிசை டெனர். முதல் மூன்று வாரம் என்னையறியாமல் அவர்கள் மெட்டுக்குத் தாவிக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் மூச்சு. நீண்டு போகும் ஸ்வரத்தில் பக்கத்தில் நிற்பவன் மூச்சு வாங்கும்போது நாம் வாங்கக் கூடாது. அவன் திரும்பி வந்ததும் சத்தமில்லாமல் நழுவி, சத்தமில்லாமல் உள்ளே வர வேண்டும். கேட்பவருக்கு 90 பேரும் மூச்சே விடாத மாதிரி இருக்கும். இதற்குக் குரல் வேண்டாம், காது போதும். அதனால்தான் சொல்கிறேன், "நல்ல குரல்" பார்த்து ஆள் எடுப்பதை விடுங்கள்.

தமிழ்த்தாய் வாழ்த்தில் 'கெழிலொழுகும்' என்ற ஒரே சொல்லுக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. பாதிப் பேர் 'ள' சொன்னால் அரங்கமே வண்டு ரீங்காரமாகிவிடும். அன்று வீட்டுக்குப் போகும் அன்னூர் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

இதெல்லாம் சர்ச் சமாச்சாரம், நமக்கு ஒட்டாது என்பார்கள். வள்ளி கும்மியில் ஆசிரியர் ஒரு வரி எடுத்துக் கொடுக்க, வட்டத்தில் நிற்பவர்கள் நூற்றுக்கணக்கில் அதை வாங்கிப் பாடுவதைப் பார்த்ததில்லையா? அந்தக் கலைக்காகத்தானே பத்ரப்பன் அய்யாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்? நமக்கு நாலு மெட்டுதான் புதிது, கூடிப் பாடுவது புதிதில்லை.

சரி, என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். 2021 டிசம்பர் அரசாணை தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக்கியதோடு, இசைத்தட்டைப் போடாமல் பயிற்சி பெற்றவர்களே பாட வேண்டும் என்றும் சொல்கிறது. 55 நொடிதான். அதற்கப்புறம் நடந்த ஒரு பெரிய விழாவில் எங்களை வரிசையாக நிற்க வைத்துவிட்டு, பென்டிரைவில் இருந்ததை ஒலிக்க விட்டார்கள். "மைக் ரிஸ்க் எடுக்க முடியாது தம்பி, வாயை மட்டும் அசைங்க." இரண்டு மாதப் பயிற்சி. அசைத்தோம்.

வீட்டில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன், விஷயத்தைச் சொல்லவில்லை. மாரியம்மன் நோம்பிக்கு வருடா வருடம் கும்மி பாடியவர் அமுச்சி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக் கேட்டார்.

"ஏஞ்சாமி, தொண்ணூறு பேருன்னு சொன்னே. நாலு பேரு பாடறாப்புல இருக்குது?"