டாக் ஃப்ரெண்ட்லின்னு போர்டு மாட்டிட்டா மட்டும் போதுமாய்யா?

இந்த "டாக் ஃப்ரெண்ட்லி", அதாவது நாய்க்கும் இடம் உண்டுங்கிறத எங்கயாவது பாத்தாலே இப்பல்லாம் எனக்கு பத்திக்கிட்டு வருது. பிரிட்டன்ல எந்தப் பக்கம் போனாலும் இந்த போர்டுதான். வெப்சைட்ல ஒரு பாதம் படம் போட்டிருப்பாங்க, வாசல்ல ஒரு கிண்ணத்துல தண்ணி வச்சிருப்பாங்க, ரிசப்ஷன்ல ஒரு டப்பா நிறைய பிஸ்கட் இருக்கும், உங்க செல்லத்தையும் கூட்டிட்டு வாங்க வாங்கன்னு ஒரே உபசாரம். அத நம்பி நானும் எங்க வீட்டுக்காரரும் எங்க மணிய கார்ல ஏத்திக்கிட்டு தெற்குலேர்ந்து ஸ்காட்லாந்து வரைக்கும் ஊர் சுத்திப் பாக்கக் கிளம்பினோம். மணி லேப்ரடார் கலப்பு, முப்பது கிலோ, குரைக்க மாட்டான், யாரு மேலயும் தாவ மாட்டான், சாப்பாடு விழுந்தா மட்டும் கொஞ்சம் அவசரப்படுவான். இவ்வளவு சாதுவான நாயை வச்சுக்கிட்டே இந்த பாடுன்னா மத்தவங்க கதை எப்படியோ.

மொதல்ல தங்குற இடத்த சொல்றேன். மணிக்கு ஒரு ராத்திரிக்கு இருபது பவுண்ட் தனியா. சரி, முடி கொட்டும், ரூம் கூட்டணும், குடுத்துட்டுப் போவோம்னு குடுத்தாச்சு. சாவி கைக்கு வந்ததுக்கு அப்புறம்தான் லேமினேட் பண்ண ஒரு பேப்பர நீட்டுறாங்க. நாயை ரூம்ல தனியா விடக்கூடாது. நாயை டைனிங் ரூமுக்குள்ள கொண்டு வரக்கூடாது. பிரேக்ஃபாஸ்ட் ரூமுக்கு எடுத்துட்டுப் போகக்கூடாது. கார்ல விட்டுட்டு வரவும் கூடாது. அம்மா தாயே, இந்த நாலையும் வரிசையா வச்சு நீங்களே ஒரு தடவையாவது படிச்சுப் பாத்தீங்களா? அப்ப நாங்க ரெண்டு பேரும் எப்படித்தான் சாப்பிடுறது? இத அந்தம்மாகிட்ட கேட்டேன், அவங்க ரொம்ப இனிமையா சிரிச்சுட்டு "பெரும்பாலானவங்க மாத்தி மாத்தி சாப்பிடுவாங்க"ன்னாங்க. அதாவது ரெண்டு பேருக்கு காசு வாங்கிட்டு, நாய்க்கும் காசு வாங்கிட்டு, ஒவ்வொருத்தரா வந்து தின்னுட்டுப் போங்கன்னு அர்த்தம். பிள்ளையையும் கிள்ளி விட்டு தொட்டிலையும் ஆட்டுறதுன்னு நம்ம ஊர்ல சும்மாவா சொல்லி வச்சாங்க!

அவரு போய் சாப்பிடுவாரு, நான் தூறல்ல கார் பார்க்ல மணியப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். அவரு வாயத் துடைச்சுக்கிட்டு வந்ததும் கயித்த கைமாத்தி விட்டுட்டு நான் ஓடுவேன், அதுக்குள்ள முட்டை ஆறிப்போய் டோஸ்ட் வறட்டியா ஆகியிருக்கும், ஒன்பதரைக்கு மேல டீ கிடையாதும்பாங்க. ஆபீஸ்ல கெஞ்சி லீவு வாங்கி வந்தது மில்லுல ஷிப்ட் மாத்துற மாதிரி வாசல்ல சந்திச்சுக்கவா? ஊரு முழுக்க இதே கதைதான். அவரு எடுத்த போட்டோவுல நான் இல்ல, நான் எடுத்ததுல அவரு இல்ல, மணி மட்டும் எல்லாத்துலயும் வாசப்படியில உக்காந்து முறைச்சுக்கிட்டு இருக்கான்.

கார்ல விடாதேங்கிறது மட்டும் நூத்துக்கு நூறு நியாயம், அதுல நான் வாயே திறக்க மாட்டேன். வெளிய 22 டிகிரி இருந்தாலே ஒரு மணி நேரத்துல கார் உள்ள 47 வரைக்கும் ஏறிடும்னு இங்க மிருகவதை தடுப்புச் சங்கமான ஆர்எஸ்பிசிஏ வருஷா வருஷம் கத்திக்கிட்டு இருக்கு. இங்க 22 டிகிரிங்கிறது "ஆகா வெயில் வந்துருச்சு"ன்னு எல்லாரும் புல்லுல படுக்குற நாள். அதனால கார்ங்கிற பேச்சே கிடையாது. அது கிடையாதுன்னா வேற வழி நீங்கதானே காட்டணும்?

பப்புல இன்னொரு வேடிக்கை. பார் பக்கம் நாய் வரலாம், ரெஸ்டாரன்ட் பக்கம் வரக்கூடாது. ரெண்டுக்கும் நடுவுல கதவு கூட இல்ல, தரையில கார்ப்பெட் கலர் மாறுது அவ்வளவுதான். பார் பக்கம் மூணே மேஜை, மூணுலயும் அஞ்சு மணிலேர்ந்தே யாராவது பியரோட உக்காந்துருப்பாங்க. சாப்பாடு அந்தப் பக்கம்தான் கிடைக்கும். ஏங்க விடக்கூடாதுன்னு கேட்டா ஹெல்த் அண்ட் சேஃப்டி, சட்டம்னு ஒரு மூஞ்சி. எந்தச் சட்டம்? சமையல் பண்ற இடத்துக்குள்ள நாய் வரக்கூடாது, அது சரி. சாப்பிடுற இடத்துல விடுறதும் விடாததும் கடைக்காரன் இஷ்டம்தான், இந்த நாட்டுச் சட்டம் அதத் தடுக்கல. எங்களுக்கு இஷ்டமில்லன்னு நேரா சொல்லிட்டா நான் பாட்டுக்கு அடுத்த கடைக்குப் போயிருவேன். சட்டத்து மேல பழியப் போட்டா எரிச்சல் வருமா வராதா?

இங்க ஒண்ணு சொல்லிடுறேன், இல்லன்னா எல்லா இடத்துலயும் நாயை விட்டே ஆகணும்னு சண்டை போடுறேன்னு நினைச்சுப்பீங்க. எனக்கு முடியாதுன்னு சொல்றவங்க மேல கோவமே இல்ல. ஸ்டோன்ஹெஞ்ச்ங்கிற பழங்காலக் கல்வட்டத்துல பார்வையில்லாதவங்களுக்கும் மத்தவங்களுக்கும் துணைக்கு வர்ற பயிற்சி நாய்களத் தவிர வேற நாய்க்கு அனுமதி இல்லன்னு டிக்கெட் எடுக்குறதுக்கு முன்னாடியே தெளிவா போட்டிருக்கு. சரின்னு சுத்தி இருக்குற, நேஷனல் டிரஸ்ட்ங்கிற அறக்கட்டளையோட புல்வெளியில மணிய கயித்துல பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் சேந்து நடந்தோம், கல்லு தூரத்துலேர்ந்து நல்லாவே தெரிஞ்சது, காசும் மிச்சம். பாத் ஊர்ல ரோமன் குளத்துக்கும் அதே ரூல்தான், அங்க ஷிப்ட்தான், வேற வழியில்ல. கார்ன்வால்ல இருக்குற டின்டாஜல் கோட்டையில கயித்தோட வரலாம்னு போட்டிருந்தாங்க, போனோம், விட்டாங்க. 2019-ல கட்டின அந்தப் பாலத்துக்கு நடுவுல வேணும்னே நாலு சென்டிமீட்டர் சந்து விட்டு வச்சிருக்காங்க, மணி அதுல மூக்க வச்சுக்கிட்டு நகர மாட்டேன்னுட்டான், பின்னாடி ஒரு கூட்டமே நின்னு சிரிக்குது. எவ்வளவு நேரம் நின்னாலும் ஒருத்தரும் முகம் சுளிக்கல. இப்படி இருந்துட்டா நான் ஏன் கத்தப்போறேன்?

அதே கார்ன்வால்ல பீச்சுன்னு ஒண்ணு இருக்கே. ஒவ்வொரு பீச்சுக்கும் ஒவ்வொரு சட்டம். ஒண்ணுல மே மாசத்துலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் தடை, ஒண்ணுல ஜூலை ஆகஸ்ட் மட்டும், ஒண்ணுல காலைல பத்துலேர்ந்து சாயந்திரம் ஆறு வரைக்கும், மீறினா நூறு பவுண்ட் வரைக்கும் ஃபைன். நடுவுல ஒரு பாறைதான் இருக்கும், இந்தப் பக்கம் நாய் ஓடலாம், அந்தப் பக்கம் கால் வச்சா தப்பு, தண்ணி ஏறுற நேரத்துல அந்தப் பாறையே கண்ணுக்குத் தெரியாது! போர்டு எங்க இருக்குன்னு பாத்தா கார் பார்க்கோட அந்த மூலையில, அதுவும் உப்புக்காத்துல எழுத்தெல்லாம் உரிஞ்சுபோய். எங்களுக்கு லீவு கிடைக்கிறதே கோடையிலதான், தடையும் கோடையிலதான்.

ஆனா இந்தத் தடைக்கெல்லாம் காரணம் யாருன்னு நினைக்கிறீங்க? கவுன்சில்காரன் இல்ல. நாயோட கக்காவ அழகா பையில அள்ளி, முடிச்சும் போட்டு, அதக் கொண்டு போய் மரக்கிளையில தொங்கவிட்டுட்டுப் போறாங்களே சில மகானுபாவங்க, அவங்கதான். எனக்கு இது என்ன ஜென்மத்துலயும் புரியப் போறதில்ல. அள்ளவே இல்லன்னா சோம்பேறின்னு திட்டலாம். கஷ்டப்பட்டு குனிஞ்சு அள்ளிட்டு, தோரணம் கட்டுற மாதிரி முள்ளுச்செடியில மாட்டிட்டுப் போறவங்கள என்னன்னு திட்டுறது? திரும்பி வர்றப்ப எடுத்துக்குவேன்னு சொல்வாங்களாம். எவன் எடுத்தான்? மழையில வெயில்ல கலர் கலரா தொங்கிக்கிட்டு இருக்கு. இவங்களாலதான் எங்க மணி பீச் வாசல்ல நிக்கிறான்.

மேயுற ஆட்ட நாய் விரட்டுற விஷயத்துலயும் நான் விவசாயி பக்கம்தான். மார்ச் 1-லேர்ந்து ஜூலை 31 வரைக்கும் இங்கிலாந்து, வேல்ஸ் மலைவெளியில ரெண்டு மீட்டருக்கு மேல கயிறு விடக்கூடாது. ஸ்காட்லாந்துல நாய் ஆட்ட விரட்டுனா 40,000 பவுண்ட் வரைக்கும் அபராதம், ஜெயிலும் உண்டு. குட்டி போட்ட ஆட்ட விரட்டுனா அது எவ்வளவு பாவம். கட்டித்தான் கூட்டிட்டுப் போகணும். ஆனா அந்த வேலிக்கு மேல ஏறி இறங்குற மரப்படி இருக்கே, முப்பது கிலோ நாயை மழையில நனைஞ்ச பலகை மேல அவரு பின்னாலேர்ந்து தள்ள, நான் அந்தப் பக்கத்துலேர்ந்து இழுக்க... பக்கத்துலயே ஒரு சின்ன தள்ளு கதவு வச்சா என்ன கெட்டுப்போகும்?

வேல்ஸ்ல பெத்கெலர்ட்னு ஒரு ஊரு, அங்க ஒரு பழைய கதை சொல்வாங்க. லெவெலின்ங்கிற இளவரசர் வெளிய போய்ட்டு வந்து பாத்தா கெலர்ட்ங்கிற அவரோட நாயோட வாயெல்லாம் ரத்தம், தொட்டில்ல குழந்தையக் காணோம். ஆத்திரத்துல நாயை வெட்டிப்போட்டுட்டாரு. அப்புறம் பாத்தா குழந்தை பத்திரமா இருக்கு, பக்கத்துல நாய் கொன்னுபோட்ட ஓநாய். நம்ம கீரிப்பிள்ளை கதையேதான், கீரிக்குப் பதிலா நாய், பாம்புக்குப் பதிலா ஓநாய். அந்த கெலர்ட் நாய்க்கு ஆத்தோரமா ஒரு சமாதி, உலகத்துலேர்ந்தெல்லாம் வந்து பாத்துட்டுப் போறாங்க. ஆனா அந்தச் சமாதிய எழுப்பினதே 18-ஆம் நூற்றாண்டு கடைசியில அந்த ஊர் ஹோட்டல்காரரு, வியாபாரம் நடக்கட்டும்னு, அப்படின்னுதான் சொல்றாங்க. பரவால்ல, அந்த மனுஷன் இல்லாத நாய்க்கே ஒரு மரியாதை பண்ணி காசு பாத்தாரு. இப்ப இருக்குறவங்க உசுரோட இருக்குற நாய்க்கு இருபது பவுண்ட் வாங்கிட்டு ஒரு பழைய துண்டு கூட தர மாட்டேங்கிறாங்க.

ஏரிகள் நிறைஞ்ச லேக் டிஸ்ட்ரிக்ட்ல மட்டும் கொஞ்சம் மூச்சு விட்டோம். விண்டர்மியர் ஏரிப் படகுல நாயோட ஏறலாம், மழை மட்டும் நிக்கல. யார்க் ஊரோட பழைய மதில் மேல நாய் ஏறக்கூடாது, கீழயே நடந்தோம்.

ஸ்காட்லாந்துல எடின்பரோவுக்கு வர்றேன். அங்க கிரேஃபிரையர்ஸ் பாபின்னு ஒரு நாய்க்கு தெருமுனையில சிலை. எஜமான் கல்லறைய விட்டு 14 வருஷம் நகரலன்னு கதை, 1872-ல செத்துப்போச்சு, அடுத்த வருஷமே சிலை வச்சுட்டாங்க. அதோட மூக்க தடவித் தடவி தேய்ச்சே பளபளன்னு ஆக்கிட்டாங்க, தொடாதீங்கன்னு சொன்னாலும் யாரும் கேக்குறதில்ல. சரி, நாயைக் கொண்டாடுற ஊருன்னு கோட்டைக்குப் போனா பயிற்சி நாய் தவிர வேற நாய் கிடையாது. அதுவும் முன்னாடியே போட்டிருக்காங்க, நான் ஒண்ணும் சொல்லல. அவரு உள்ள போனாரு, நான் வெளிய. திரும்பி வந்து என்ன சொல்றாரு தெரியுமா, "ஏம்மா, உள்ள நாய்க்குன்னே தனியா ஒரு சுடுகாடு இருக்கு"ங்கிறாரு. விளையாட்டு இல்ல, விக்டோரியா ராணி காலத்துலேர்ந்து படைக்காரங்க வளத்த நாய்கள புதைக்கிற குட்டித் தோட்டம். செத்த நாய்க்கு கோட்டைக்குள்ள இடம் உண்டு, உசுரோட இருக்குறது வாசல்ல நிக்கணும்! இதுல மத்தியானம் ஒரு மணிக்கு பீரங்கி வேற வெடிப்பாங்க, 1861-லேர்ந்து நடக்குற வழக்கம். அவரு உள்ள ஜாலியா வீடியோ எடுத்துக்கிட்டு இருக்காரு, வெளிய மணி அந்தச் சத்தத்துக்கு எகிறின எகிறுல என் தோள்பட்டை இன்னும் வலிக்குது.

இதையெல்லாம் ஃபோன்ல புலம்பினா எங்க சித்தி "நாயை எங்கயாவது விட்டுட்டுப் போக வேண்டியதுதானடி"ங்கிறா. எங்க விடுறது சித்தி? கென்னல்னு நாய்கள பாத்துக்குற இடத்துல விட்டா தினமும் காசு, அதுவும் மணி ரெண்டு நாள் சாப்பிட மாட்டான். அதுவுமில்லாம நாங்களா கேட்டோம்? வா வான்னு பாதம் படம் போட்டு கூப்பிட்டது அவங்கதானே. 1824-லயே மிருகங்களுக்குன்னு சங்கம் ஆரம்பிச்ச நாடு இது, லண்டன்ல குழந்தைங்களுக்கு சங்கம் வந்ததே 1884-லதான். ரயில்ல கூட ஒரு ஆளு ரெண்டு நாய் வரைக்கும் ஓசியில கூட்டிட்டுப் போகலாம், சீட்ல ஏறாம இருந்தா போதும். ரயிலுக்கு முடியுது, பாட்டன் காலத்து கோட்டைக்கு நேரா ஒரு பதில் சொல்ல முடியுது, எட்டு ரூம் ஹோட்டலுக்கு முடியலயாம்.

புக்கிங் பக்கத்துலயே போட்டுத் தொலைங்களேன். நாய் எங்க வரலாம், எங்க வரக்கூடாது, தனியா விடலாமா, பிரேக்ஃபாஸ்ட் எங்க, நாய்க்கு எவ்வளவு. அஞ்சு வரி. அத விட்டுட்டு காசு கட்டினதுக்கு அப்புறம் லேமினேட் பேப்பரா?

அடுத்த வருஷத்துக்கு ஒரு காட்டேஜ் பாத்து வச்சிருக்கோம், தனி வீடு, தனி அடுப்பு, எவன் டைனிங் ரூமும் வேண்டாம். அதுலயும் "நல்ல பழக்கமுள்ள ஒரு சின்ன நாய்க்கு அனுமதி"ன்னு போட்டிருக்கான். சின்ன நாய்னா எத்தனை கிலோ வரைக்கும்னு கேட்டு மெயில் போட்டேன். பதிலுக்கு ஒரு பாதம் படமும் "உங்க செல்லத்த சந்திக்க ஆவலா இருக்கோம்"னும் வந்திருக்கு. கிலோவ பத்தி ஒரு வார்த்தை இல்ல. திருப்பி அனுப்பியிருக்கேன், இந்த தடவை மணியோட வெயிட்ட கொட்டை எழுத்துல போட்டு.