ஸ்பானிய மாலுமியைத் தேடாதீர்கள், 1850ஐத் தேடுங்கள்

அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ் குடும்பங்களில் கருகரு முடியும் மாநிறமுமாக ஒரு பிள்ளை பிறந்தால் உடனே ஒரு கதை வரும். 1588இல் இங்கிலாந்தைப் பிடிக்கப் போன ஸ்பானியக் கடற்படையான அர்மடாவின் கப்பல்கள் அயர்லாந்துக் கரையில் உடைந்தனவாம், தப்பிய மாலுமிகள் அங்கேயே பெண் கட்டிக்கொண்டார்களாம், ‘பிளாக் ஐரிஷ்’ என்று சொல்லப்படும் கறுத்த முடிக்காரர்கள் அந்த வழியாம்.

கப்பல்கள் உடைந்தது உண்மை. ஸ்லைகோ பக்கத்து ஸ்ட்ரீடா கடற்கரையில் மட்டும் 3 கப்பல்கள் சிதறி ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள். கரையேறியவர்களையும் ஆங்கிலேய நிர்வாகம் விட்டுவைக்கவில்லை. பிடிபட்டவர்களைக் கொல்லச் சொல்லி உத்தரவு. தப்பிய கேப்டன் பிரான்சிஸ்கோ தே குவெய்யார் ஒதுங்க இடம் தேடி ஒரு மடாலயத்துக்குள் போனார். அங்கே 12 ஸ்பானியர்கள் தூக்கில் தொங்கிக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறார். அவரும் அயர்லாந்தில் தங்கவில்லை, ஸ்காட்லாந்து வழியாக வெளியேறினார்.

சரி, சிலர் தங்கினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். தலைமுறைக்கு 30 வருடம் என்றால் இன்றைக்கு 14 தலைமுறை ஆகிறது. அந்தப் படியில் ஒருவருக்கு 16,384 முன்னோர். ஒரு மாலுமியின் சராசரிப் பங்கு 0.006 சதவீதம், பெரும்பாலும் அதுவும் வந்து சேராது. அது எப்படி முடியைக் கறுப்பாக்கும்?

கறுத்த முடி அயர்லாந்துக்குப் புதிதும் இல்லை. பெல்ஃபாஸ்ட் அருகே பாலினஹாட்டியில் 1855இல் கிடைத்த ஒரு பெண்ணின் எலும்புக்கு வயது சுமார் 5,200 வருடம். 2015இல் வெளியான மரபணு ஆய்வின்படி அவளுக்குக் கறுத்த முடி, பழுப்புக் கண். இன்றைக்கும் அயர்லாந்தில் கரும்பழுப்பு முடிதான் சாதாரணம், செம்முடி பத்தில் ஒருவருக்குத்தான்.

டிஎன்ஏ சோதனையில் ‘ஐபீரியா 2%’ (ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம்) என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். மேற்கு ஐரோப்பியர்களின் மரபணு ஒன்றோடொன்று அவ்வளவு நெருக்கம். கம்பெனி கணக்கைப் புதுப்பித்தால் அந்த 2% காணாமல் போகும். ஆனால் அதே அளவு ஆப்பிரிக்கா என்று வந்தால் கட்டாயம் தோண்டிப் பாருங்கள். கண்டம் மாறினால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். ஆறு தலைமுறைக்கு முந்தைய ஒருவரின் பங்கு சராசரியாக 1.6 சதவீதம், சோதனைக்குப் பிடிபடக்கூடிய அளவு.

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பாட்டியையோ செவ்விந்தியப் பாட்டனையோ மறைக்க ‘பிளாக் ஐரிஷ்’ என்று சொல்லிக்கொண்ட குடும்பங்கள் உண்டு. வெளியே தெரிந்தால் கல்யாணம் செல்லாது, பள்ளியில் இடம் கிடைக்காது என்ற காலம் அது. அந்தப் பயத்தைப் புரிந்துகொள்ளாமல் பொய் சொன்னார்கள் என்று அவர்களைப் பழிப்பது அநியாயம்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் 1850 முதல் 1880 வரையிலான நான்கு ஏடுகளையும் வரிசையாக எடுங்கள். பெயரை விட்டுவிட்டு நிறத்துக்கான கட்டத்தை மட்டும் பாருங்கள். ஒரு ஏட்டில் ‘முலாட்டோ’ (கறுப்பு, வெள்ளைக் கலப்பு) என்று இருக்கும் குடும்பம் பத்து வருடம் கழித்து, வேறு ஊரில், ‘வெள்ளை’ என்று பதிவாகியிருந்தால் நீங்கள் தேடியது அந்த இரண்டு ஊர்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.